உடம்பு மறக்காத சர்க்கரை

அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கால்களையும் ஸ்டூலின் மேல் நீட்டச் சொன்னார் அந்த நர்ஸ். அவர் கையில் பேனா போல ஒரு கைப்பிடி, அதன் நுனியில் மீன் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. பத்து கிராம் அழுத்தம் விழுந்ததும் வளையும்படி செய்த இழை அது. "ஐயா, கண்ண மூடிக்குங்க. தொடுறது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க" என்றார். பெருவிரலின் அடியில் வைத்து அழுத்தினார். இழை வில்லாக வளைந்தது. அப்பாவிடம் சத்தமில்லை. நடுவிரல், சுண்டுவிரல், பாதத்தின் முன்மேடு என்று இழை நகர்ந்துகொண்டே இருந்தது. ஆறாவது இடத்தையும் தொட்டு எடுத்த பிறகு, கண்ணைத் திறக்காமலே அப்பா கேட்டார்: "இன்னும் ஆரம்பிக்கலையாம்மா?"

வலது காலில் பார்த்த பத்து இடங்களில் ஆறில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாதம் வரைந்த தாளில் நர்ஸ் ஆறு வட்டங்களுக்குக் குறுக்குக் கோடு போட்டார்.

எனக்கு அது புரியவில்லை. கடந்த மூன்று வருடமாக அப்பாவின் சுகர் நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது. மூன்று மாத சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 7-ஐத் தாண்டியதில்லை. மாத்திரை தவறுவதில்லை, காலை நடை தவறுவதில்லை. பிறகு ஏன் கால் மரத்தது? டாக்டரிடம் கேட்டேன். "இப்ப நல்லா இருக்குங்க. ஆனா அவருக்கு சுகர் வந்து பதினெட்டு வருஷமாச்சு, முதல் ஏழெட்டு வருஷம் எப்படி இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டார். அந்த வருடங்கள் எப்படி இருந்தன என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்று சொல்லி மாத்திரையை ஒரு வாரம் போடுவதும் ஒரு மாதம் விடுவதுமாகக் கழிந்த வருடங்கள் அவை.

டாக்டர் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் நாற்பது ஆண்டு மருத்துவ ஆய்வு இருக்கிறது. இன்றைக்கு ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்பது பாதிக் கதைதான். எத்தனை வருடம், அதுவும் எந்த வருடங்களில் அது கூடியிருந்தது என்பதுதான் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியை நம் வீடுகளில் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சர்க்கரை உடம்பில் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். குளுக்கோஸ் ஒட்டும் குணம் கொண்டது. ரத்தத்தில் அது மிதந்துபோகும் வழியில் இருக்கும் புரதங்களின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு எந்த நொதியும் தேவையில்லை. சர்க்கரையும் நேரமும் இருந்தால் போதும். சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் இதை முதலில் கண்டவர் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர். 1968-ல் தெஹ்ரானில், ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் இருந்தார். சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் மட்டும் வழக்கத்துக்கு மாறான ஒரு பட்டை தெரிந்தது. பிறவிக் கோளாறோ என்று தேடிப்போனவருக்குக் கிடைத்தது சர்க்கரை ஒட்டிய ஹீமோகுளோபின். அந்தக் கண்டுபிடிப்புதான் இன்று தெருமுனை லேபிலும் எடுக்கிற ஹெச்பிஏ1சி சோதனை.

சிவப்பணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் வாழும். அந்த நாட்களில் அது எவ்வளவு சர்க்கரையில் நீந்தியதோ, அந்த அளவுக்கு அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கும். அதனால்தான் அந்த எண்ணை மூன்று மாதச் சராசரி என்கிறோம். 7 என்றால் சராசரி சர்க்கரை 154 மில்லிகிராம் அளவில் இருந்திருக்கிறது என்று பொருள், 9 என்றால் 212 அளவில். முந்தின நாள் ராத்திரி பட்டினி கிடந்து மறுநாள் காலை டெஸ்டுக்குப் போனாலும் இந்த எண்ணை ஏமாற்ற முடியாது.

ஆனால் சிவப்பணுவுக்கு ஒரு வசதி உண்டு. 120 நாளில் அது இறந்து, ஒட்டிய சர்க்கரையோடு போய்ச் சேர்ந்துவிடும். கண் லென்ஸில் இருக்கும் புரதத்துக்கு அந்த வசதி இல்லை. ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் தோலிலும் இருக்கும் கொலாஜனுக்கும் இல்லை. அவை ஆண்டுக்கணக்கில், சில ஆயுள் முழுக்க, மாறாமல் இருப்பவை. அவற்றில் ஒட்டிய சர்க்கரை மெல்ல மெல்ல வேதி மாற்றம் அடைந்து, பக்கத்துப் புரதத்தோடு குறுக்குப் பிணைப்புப் போட்டு இறுகிவிடும். இளகியிருக்க வேண்டிய குழாய்ச் சுவர் விறைத்துப் போகும். பிறகு சுகரைக் குறைத்தால் புதிதாக ஒட்டுவது குறையுமே தவிர, பழைய பிணைப்பு அவிழ்ந்துவிடாது.

கண், சிறுநீரகம், நரம்பு ஆகிய மூன்றும் முதலில் அடிவாங்குவதற்கும் காரணம் உண்டு. தசை, கொழுப்பு போன்ற திசுக்களின் செல்களில் பெரும்பாலான குளுக்கோஸ் நுழைய இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். விழித்திரையின் நுண்குழாய்ச் செல்களிலும், சிறுநீரக வடிகட்டியின் செல்களிலும், நரம்பு இழைகளிலும் அப்படியில்லை. ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவும் உள்ளே வந்துவிடும். வெள்ளம் வந்தால் வாசற்படி இல்லாத வீட்டுக்குள் முதலில் தண்ணீர் ஏறுவது போலத்தான். உள்ளே குவிந்த சர்க்கரையை எரிக்கும்போது, செல்லின் எரிசக்திக் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, செல்லின் வழக்கமான வேலைகளைக் கெடுக்கின்றன. இது எதுவும் வலிக்காது. வலி என்ற செய்தியைக் கொண்டுபோக வேண்டிய நரம்பே சேதப்படுவதால் கடைசிவரை வலிக்காமலும் போகலாம். அப்பா "ஒண்ணும் பண்ணலையே" என்று சொன்ன வருடங்களில் உள்ளே நடந்தது இதுதான்.

இன்றைக்கு இதைப் படிக்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. 1980கள் வரை அப்படித் தெரியவில்லை. கண் போவதும் கிட்னி போவதும் சுகர் கூடியதாலா, அல்லது சர்க்கரை நோய் என்கிற நோய்க்கே உரிய வேறொரு பரம்பரைக் கூறாலா என்று டாக்டர்களுக்குள்ளேயே பெரிய வழக்கு இருந்தது. இரண்டாவது பக்கம் நின்றவர்கள், சுகரைக் கடுமையாகக் குறைப்பதால் பயனில்லை, தாழ்சர்க்கரை என்ற ஆபத்துதான் மிச்சம் என்றார்கள். அந்த வாதத்தை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது. அதை உடைக்கும் சான்று அன்று யாரிடமும் இல்லை.

சான்றைத் தந்தது, அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 29 மையங்களில் 1983-ல் தொடங்கிய டிசிசிடி என்ற ஆய்வு. உடம்பில் இன்சுலின் சுரப்பே ஏறக்குறைய நின்றுபோன முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள, 13 முதல் 39 வயதுக்குட்பட்ட 1,441 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு அன்றைய வழக்கப்படி நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு ஊசி. மற்றப் பிரிவுக்கு மூன்றோ அதற்கு மேலோ, அல்லது இன்சுலின் பம்ப். இவர்கள் நாளுக்கு நான்கு முறையாவது விரலில் குத்திப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே சுகர் பார்க்கும் மீட்டரும் ரஹ்பரின் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த சோதனையும் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தன. அவை இல்லாமல் இந்த ஆய்வே நடந்திருக்காது.

ஆறரை வருடச் சராசரிக் கண்காணிப்பில், தீவிரப் பிரிவின் ஹெச்பிஏ1சி 7-ஐ ஒட்டியும் வழக்கப் பிரிவினுடையது 9-ஐ ஒட்டியும் நின்றது. தொடக்கத்தில் கண் பாதிப்பே இல்லாதவர்களில், புதிதாக விழித்திரை கெடுவது தீவிரப் பிரிவில் 76 விழுக்காடு குறைந்தது. நரம்புப் பாதிப்பு 60 விழுக்காடு குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை ஏறக்குறைய ஒரு வருடம் முன்னதாகவே நிறுத்தி, 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களில் 99 விழுக்காட்டினர் கடைசிவரை இருந்தார்கள் என்பதை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் வியக்கிறேன். சராசரியாக ஆறரை வருடம், தினமும் நான்கு குத்து. அந்த இளையவர்களின் விரல் நுனிகளுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். இதற்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது தீவிரப் பிரிவில் மூன்று மடங்கு நடந்தது.

வழக்கு தீர்ந்தது. ஆனால் யாரும் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகுதான் நடந்தது.

ஆய்வு முடிந்ததும் வழக்கப் பிரிவினருக்கும் தீவிர முறையைக் கற்றுக்கொடுத்து, எல்லோரையும் அவரவர் டாக்டரிடம் அனுப்பினார்கள். 1994 முதல் அதே மனிதர்களைத் தொடர்ந்து கவனிக்கவும் ஏற்பாடு செய்தார்கள். சில வருடங்களில் இரண்டு பிரிவின் ஹெச்பிஏ1சி-யும் 8-ஐ ஒட்டி ஒன்றாகிவிட்டது. எண்களை வைத்துப் பார்த்தால் இனி இரு பிரிவுக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது. வித்தியாசம் இருந்தது, கூடிக்கொண்டும் போனது. கண்ணும் சிறுநீரகமும் பழைய தீவிரப் பிரிவில் மெதுவாகவே கெட்டன. 2005-ல், ஆய்வு தொடங்கியதிலிருந்து சராசரியாகப் பதினேழு வருடம் கடந்த நிலையில் கணக்கெடுத்தபோது, இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் அந்தப் பிரிவில் 42 விழுக்காடு குறைவாக இருந்தன. அந்த ஆறரை வருட நல்ல சுகரை உடம்பு ஞாபகம் வைத்திருந்தது. மற்றப் பிரிவில், அதே ஆறரை வருடக் கூடுதல் சுகரை ஞாபகம் வைத்திருந்தது. ஆய்வாளர்கள் இதற்கு வளர்சிதை மாற்ற நினைவு என்று பெயர் வைத்தார்கள்.

இந்த நினைவு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஆய்வில் இருந்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் தங்கள் தோலிலிருந்து சிறு துணுக்குகளைக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தோலின் கொலாஜனில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருந்தது என்பதை வைத்து, அடுத்த பத்து வருடத்தில் யாருடைய கண்ணும் சிறுநீரகமும் எவ்வளவு கெடும் என்று முன்கூட்டியே ஓரளவு சொல்ல முடிந்தது. மேலே சொன்ன பழைய பிணைப்புதான். இது முழு விடை ஆகாது. மரபணுக்கள் எவை திறந்திருக்க வேண்டும், எவை மூடியிருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டிலும் உயர்சர்க்கரை நீண்டநாள் நிற்கும் தடங்களை விட்டுச்செல்வதை ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் முதல் வகை நோய். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும், இன்சுலின் சுரந்தும் சரியாக வேலை செய்யாத இரண்டாம் வகை. அதற்கான பதில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்தது. ராபர்ட் டர்னர் என்ற மருத்துவர் 1977-ல் தொடங்கிய யுகேபிடிஎஸ் ஆய்வில் பிரிட்டனின் 23 மருத்துவமனைகளிலிருந்து 5,102 பேர் சேர்ந்தார்கள். எல்லோரும் அப்போதுதான் நோய் கண்டறியப்பட்டவர்கள். அது மிக முக்கியம். கண்டறிந்த அன்றே அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோவொரு உறுப்பில் பாதிப்பின் அடையாளம் இருந்தது. அதாவது டாக்டர் "உங்களுக்கு சுகர் இருக்கு" என்று சொல்கிற நாள் நோயின் முதல் நாள் அல்ல. அது பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் கதவைத் தட்டுகிறது.

இருபதாண்டு கழித்து, 1998-ல் முடிவு வந்தது. மாத்திரையாலோ இன்சுலினாலோ ஹெச்பிஏ1சி-யை 7.0-ல் வைத்தவர்களுக்கு, உணவுக் கட்டுப்பாட்டையே பெரிதும் நம்பி 7.9-ல் இருந்தவர்களைவிட, கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 விழுக்காடு குறைவு. மாரடைப்பில் குறைவு தெரிந்தது, ஆனால் அது தற்செயலாக இருக்காது என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. எடை கூடியவர்களில் மெட்ஃபார்மின் என்ற மாத்திரையை எடுத்த 342 பேரிடம் மட்டும் மாரடைப்பு 39 விழுக்காடு குறைந்திருந்தது. இன்றும் ஆரம்ப சுகருக்குப் பெரும்பாலும் முதலில் எழுதப்படுவது மெட்ஃபார்மின்தான் என்பதற்கு அந்த 342 பேரும் ஒரு காரணம். முடிவு வெளியான மறு ஆண்டே டர்னர் இறந்துபோனார். தன் ஆய்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்பைப் பார்க்க அவர் இல்லை.

அந்தக் கண்டுபிடிப்பு 2008-ல் வந்தது. இங்கேயும் ஆய்வு முடிந்ததும் எல்லோரும் பழைய டாக்டர்களிடம் திரும்பினார்கள், ஒரே வருடத்தில் இரு பிரிவின் சுகரும் ஒன்றாகிவிட்டது. ஆனால் பத்து வருடம் கழித்துப் பார்த்தால், 1998-ல் சந்தேகமாக இருந்த மாரடைப்புக் குறைவு இப்போது உறுதியாகத் தெரிந்தது. மரணமும் 13 விழுக்காடு குறைந்திருந்தது. இதன் பெயர் மரபுரிமைப் பலன். 2024-ல் அதே மனிதர்களின் பதிவேடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு முடிந்து 24 வருடம் ஆன பிறகும் வித்தியாசம் அழியவில்லை. மெட்ஃபார்மின் பிரிவில் மரணம் 20 விழுக்காடும் மாரடைப்பு 31 விழுக்காடும் குறைவு. நோய் கண்ட முதல் சில வருடங்களில் போட்ட முதல், கால் நூற்றாண்டு கழித்தும் வட்டி கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று யாருக்கும் தோன்றும். ஆய்வாளர்களுக்கும் தோன்றியது. அதைச் சோதித்ததுதான் அக்கார்ட் என்ற ஆய்வு. 10,251 பேர், சராசரி வயது 62, நோய் வந்து சுமார் பத்து வருடம் ஆனவர்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்கள். ஒரு பிரிவுக்கு இலக்கு 6-க்குக் கீழ், அதாவது நோயே இல்லாதவரின் அளவு. அந்தப் பிரிவில் 6.4 வரை கொண்டுவந்தார்கள். மற்றப் பிரிவு 7.5-ல் இருந்தது. 2008 பிப்ரவரியில், மூன்றரை வருடத்தில், அந்தத் தீவிர சிகிச்சையை அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. வழக்கப் பிரிவில் 203 பேர் இறந்திருந்தார்கள், தீவிரப் பிரிவில் 257 பேர்.

இரண்டு பிரிவுக்கும் இடையே 54 உயிர் வித்தியாசம். ஏன் என்பதற்கு ஒரே விடை கிடைக்கவில்லை. தீவிரப் பிரிவில் கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கு கூடியிருந்தது, எடையும் ஏறியது, ஒருவரே பல மருந்துகளை எடுத்தார். அதே ஆண்டு வெளியான அட்வான்ஸ் என்ற ஆய்வில், 11,140 பேரிடம் 6.5 வரை நிதானமாகக் குறைத்தபோது மரணம் கூடவில்லை, சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. ஆனால் இதயத்துக்குத் தெளிவான லாபம் அங்கேயும் இல்லை. பத்துப் பதினைந்து வருடம் கழித்து வந்து, இறுகிப்போன குழாய்களை வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் இளைஞனின் எண்ணாக்கினால் உடம்பு இளைஞனின் உடம்பாகிவிடாது. யுகேபிடிஎஸ்-ஐயும் அக்கார்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் இரண்டும் புரியும். முதல் ஆய்வில் இருந்தவர்கள் தொடக்கத்தில் வந்தவர்கள், இரண்டாவதில் இருந்தவர்கள் தாமதமாக வந்தவர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நம் வீட்டுப் பெரியவர்களின் உயிர்ப் பிரச்சினை. எண்பது வயதுப் பாட்டிக்கு வெறும் வயிற்றில் 80 என்று ரிப்போர்ட் வந்தால் வீடே சந்தோஷப்படுகிறது. சிறுநீரகம் தளர்ந்த வயதில் சில சுகர் மாத்திரைகள் உடம்பை விட்டு வெளியேறாமல் தங்கி, விடியற்காலையில் சர்க்கரையை இறக்கிவிடும். வேர்த்துக்கொட்டுவது, கை நடுங்குவது, ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது எல்லாம் அதன் அறிகுறி. "பாட்டி ஒருமாதிரி பேசறாங்க, வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். அப்போது செய்ய வேண்டியது மீட்டரில் பார்ப்பது. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வயதானவர்களுக்கு இலக்கு எண்ணைத் தளர்த்துவது கவனக்குறைவு ஆகாது. அக்கார்டில் இறந்தவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

தாமதமாக வந்தவர்களுக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. சுகரை மட்டும் துரத்தாமல் இருப்பதுதான் அந்த வழி. டென்மார்க்கில் ஸ்டெனோ-2 என்ற சிறிய ஆய்வு நடந்தது, வெறும் 160 பேர். எல்லோருக்கும் சிறுநீரில் புரதம் லேசாகக் கசியத் தொடங்கியிருந்தது. பாதிப் பேருக்கு சுகர், பிரஷர், கொழுப்பு மூன்றையும் சேர்த்து, உணவு, நடை, புகை நிறுத்தம் என்று எட்டு வருடம் கவனித்தார்கள். இருபத்தொரு வருடம் கழித்துப் பார்த்தால் அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய எட்டு வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். யுகேபிடிஎஸ்-க்குள்ளேயே பிரஷரைத் தனியாகப் பார்த்த பகுதியும் உண்டு. பிரஷர் சராசரியாக 154-ல் இருந்தவர்களைவிட, 144-ல் வைத்தவர்களுக்குப் பக்கவாதம் 44 விழுக்காடு குறைவு. சுகர் மாத்திரையைச் சரியாகப் போட்டு, பிரஷர் மாத்திரையை "தலை சுத்துனா மட்டும்" போடுகிறவர்களை நினைக்கும்போது எனக்கு மனசு பதறுகிறது.

இன்னும் பின்னால் போவோம், நோய் வருவதற்கு முன்பு. சீனாவின் டாச்சிங் நகரில் 1986-ல், நோயின் எல்லையில் நின்ற 577 பேரைச் சேர்த்து, அவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு வருடம் உணவு மாற்றமோ உடற்பயிற்சியோ இரண்டுமோ சொல்லிக்கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது, சொல்லிக்கொடுக்காமல் விட்டவர்களைவிட அவர்களுக்குச் சர்க்கரை நோய் சராசரியாக நாலு வருடம் தள்ளிப்போயிருந்தது. கண், சிறுநீரகம், நரம்பு சார்ந்த பாதிப்புகள் 35 விழுக்காடு குறைந்திருந்தன. மறுபடியும் அதே நினைவுதான்.

சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் இதைச் செய்து பார்த்து 2006-ல் வெளியிட்டது. அதில் என்னை உறையவைத்த எண் ஒன்று உண்டு. எந்தத் தலையீடும் இல்லாமல் விடப்பட்ட பிரிவில், மூன்றே வருடத்தில் 55 விழுக்காட்டினர் எல்லையைத் தாண்டி முழு நோயாளிகள் ஆனார்கள். இதே மாதிரியான அமெரிக்க ஆய்வில் அந்த எண் ஏறக்குறைய 29. நம்மவர்களுக்கு "பார்டர்ல இருக்கு" என்பது நிற்கிற இடம் அல்ல, சறுக்குகிற சரிவு. நடை, உணவு மாற்றம் செய்த பிரிவில் 55 என்பது 39 ஆக இறங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பேராய்வு 2023-ல் சொன்ன கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயோடும், 13.6 கோடிப் பேர் அந்தச் சரிவிலும் இருக்கிறார்கள்.

கருவுற்ற தாயின் சுகரும் இதில் சேர்த்தி. ஒன்பது நாடுகளில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைக் கவனித்த ஹேப்போ ஆய்வு, இந்த எண்ணுக்குக் கீழே பயமில்லை என்று கோடு போட முடியாது என்று 2008-ல் காட்டியது. தாயின் சர்க்கரை ஏற ஏற, குழந்தையின் எடையும் தொப்புள்கொடி ரத்தத்தில் இன்சுலின் சுரப்பின் அடையாளமும் படிப்படியாக ஏறின. நம்மூரில் கர்ப்பிணிகளுக்கு, எப்போது சாப்பிட்டிருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140-ஐத் தொட்டால் கவனிக்கிறார்கள். இந்த எளிய முறை டாக்டர் வி. சேஷய்யாவும் அவரோடு உழைத்தவர்களும் சென்னையிலிருந்து கொடுத்தது. வெறும் வயிற்றோடு தொலைதூரம் பஸ் ஏறி வர முடியாத பெண்ணை நினைத்துச் செய்த சோதனை அது.

ஹெச்பிஏ1சி பற்றி ஒரு சொல். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ள பெண்களுக்கு அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய் உள்ளவர்களுக்கோ, அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கோ குறைவாகக் காட்டலாம். அதனால் அந்த ஒரு தாளை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். வெறும் வயிறு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெறும் வயிற்றில் 126 என்ற கோடும் ஆகாயத்திலிருந்து வந்ததல்ல. ஆயிரக்கணக்கானவர்களின் கண்ணைச் சோதித்து, எந்த அளவுக்கு மேல் விழித்திரைப் பாதிப்பு வேகமாகக் கூடுகிறது என்று பார்த்து, முன்பு இருந்த 140-ஐ 1997-ல் 126 ஆக இறக்கினார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தம்பி வந்திருந்தான். அவனுக்கு முப்பத்தெட்டு வயது. ஆபீஸில் நடந்த முகாமில் ஆறு மாதம் முன்பு வெறும் வயிற்றில் 131 வந்தது. திரும்பப் பார்க்கச் சொன்னார்கள், அவன் பார்க்கவில்லை. அப்பாவைப் போலவே, "எனக்கு ஒண்ணும் பண்ணலடா" என்பான். மேஜை மேல் கிடந்த தாளை எடுத்து, "இது என்ன, கால் படம்?" என்றான். நான் சொன்னேன். அவன் ஆறு குறுக்குக் கோடுகளையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"இங்க லேப் காலைல எத்தன மணிக்குடா தொறப்பாங்க?" என்றான்.

ஆறரைக்கு என்றேன். அவனுக்கென்று எடுத்துவைத்திருந்த ராத்திரிச் சாப்பாட்டை அம்மா எட்டு மணிக்கெல்லாம் போட்டுவிட்டார். மறுநாள் காலை ஆறேகாலுக்கு, காபிகூடக் குடிக்காமல், தம்பி வண்டியை எடுத்தான். பின்னால் அப்பா உட்கார்ந்துகொண்டார்.